30 ஆயிரம் லிட்டர் தொட்டியில் 43 ஆயிரம் லிட்டர்

வணக்கம் மக்களே. பின்னால் இரைவது காற்று ஊதுகிற ப்ளோயர், அதனால் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டும். ஓசூரில் எங்கள் அபார்ட்மெண்ட் அடித்தளத்தில், கழிவுநீரைச் சுத்தம் செய்கிற எஸ்டிபி பிளான்ட் பக்கத்தில் நிற்கிறேன். மூக்கைப் பொத்தவில்லை, கவனித்தீர்களா? போன வருடம் இங்கே இரண்டு நிமிடம் நிற்க முடியாது.

இந்தக் கண்ணாடி ஜாடியில், கழிவுநீருக்குள் காற்றை ஊதுகிற ஏர் தொட்டியின் தண்ணீர் ஒரு லிட்டர் பிடித்து வைக்கிறேன். 30 நிமிடம் ஆடாமல் இருக்கட்டும், கசடு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று கடைசியில் பார்ப்போம்.

தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்றுதான் திட்டம் போடுவார்கள். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 432 லிட்டர். முதலில் 60 வீடு, 26 ஆயிரம் லிட்டர். நாளைக்கு 30 ஆயிரம் லிட்டர் சுத்தம் செய்கிற பிளான்ட், தாங்கியது. அப்புறம் பின்னால் இன்னொரு பிளாக் வந்தது. 100 வீடு, 43 ஆயிரம். ஓசூரே 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, எங்கள் தொட்டி மட்டும் வளரவில்லை. கட்டிக்கொடுத்தவர்கள் போனை எடுப்பதில்லை, அதை விடுங்கள்.

இங்கே பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால், கழிவை ஆற்றில் விடுகிறார்கள் என்று உடனே பெங்களூரைத் திட்டுவோம். இங்கே நம் காலடியிலேயே நுரை பொங்கிக்கொண்டிருந்தது!

புதுத் தொட்டி கட்ட இடமில்லை. ஆபரேட்டர் அண்ணன் ஊத்தங்கரைக்காரர். "தொட்டியை விடுங்க சார், முதல்ல காத்தைப் பாருங்க" என்றார். அடியில் இருந்து காற்றைக் குமிழியாக விடுகிற டிஃப்யூசரை வெளியே எடுத்தால், ரப்பர் சவ்வு விறைத்துப்போய், துளையெல்லாம் அடைத்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் பெரிய பெரிய குமிழி. அழுக்கைத் தின்கிற பாக்டீரியாவுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜனாவது வேண்டும். பாவம், அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்திருக்கிறது.

சவ்வை மாற்றினோம். அப்புறம் இது. பார்க்க முறுக்கு அச்சு மாதிரி இருக்கிறதா? மீடியா என்பார்கள், பிளாஸ்டிக். இந்தக் கண்ணறைகளுக்குள் பாக்டீரியா ஒட்டி வளரும். அதே தொட்டி, ஆனால் குடியிருக்க இடம் பல மடங்கு. கொட்டிய அன்று எல்லாம் மேலே மிதந்தது. வெளியேறும் குழாயில் சல்லடை போட மறந்துவிட்டோம். பாதி ராத்திரியில் அடுத்த தொட்டியில் இறங்கி முறத்தால் அள்ளினோம். முறம் யார் வீட்டுடையது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பிறகு பாக்டீரியா வளர சாணி கரைத்து ஊற்றிவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்தோம். மீடியாவில் பழுப்பாக வழுவழுப்பு படிந்ததும் நாற்றம் குறைய ஆரம்பித்தது. கசடு படியும் தொட்டியில் சாய்வான குழாய்களும் வைத்திருக்கிறோம், அங்கேயும் இடம் போதவில்லை என்பதால்.

சரி, 30 நிமிடம் ஆயிற்று, நடுவில் வெட்டிவிட்டேன். முன்பு கசடு 800 மில்லிலிட்டர் கோட்டுக்குக் கீழே இறங்கவே இறங்காது. இப்போது... கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். 320. மேலே இருப்பது லேசான மஞ்சள்தான், ஆனால் அந்தப் பக்கம் என் விரல் தெரிகிறது பாருங்கள். தோட்டத்துக்கு விடுகிறோம். ஃப்ளஷுக்கு விடலாமா என்று ஞாயிற்றுக்கிழமை மீட்டிங், பின் பிளாக் ஆட்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.