ஆறு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை: புது வீரரைக் கைகழுவிவிடலாமா?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கால்பந்து கிளப் பெரிய விலை கொடுத்து, கோல் அடிப்பதற்கென்றே ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்கியது. ஆறு ஆட்டம் முடிந்துவிட்டது, ஒரு கோல்கூட இல்லை. தேறுவாரா, இல்லை பணம் போனது போனதுதானா? எத்தனை ஆட்டம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்? என் ஃபேன்டசி அணியிலும் அவரை வைத்திருக்கிறேன்."

எந்த கிளப், எந்த வீரர் என்று அவர் எழுதவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். பெயர் தெரிந்திருந்தால் நானும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவேன். நான் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் ரசிகன் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் என் வீட்டு அனுபவத்தையே சொல்கிறேன்.

2023 கோடையில் செல்சியிலிருந்து காய் ஹாவெர்ட்ஸை ஆர்சனல் வாங்கியது. விலை சுமார் 65 மில்லியன் பவுண்ட். செப்டம்பர் கடைசி வரை ஒரு கோல் இல்லை. மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தில் நல்ல வாய்ப்பு ஒன்று காலடிக்கு வந்தது, காலை வீசினார், பந்து படவே இல்லை. நான் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கலாமா என்று யோசித்தேன். அதே ஆட்டத்தில் அவர் வாங்கித் தந்த பெனால்ட்டியை வீடியோ நடுவர் ரத்து செய்தார், அது வேறு கதை.

அன்றைக்கு எல்லோரும் பார்த்தது வீணான வாய்ப்பை. கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருந்தால் வேறொன்று தெரிந்திருக்கும். அந்த வாய்ப்பு வந்த இடத்துக்குச் சரியான நேரத்தில் ஓடி வந்தவர் அவர்தான். கேள்வி கேட்டவருக்கு என் முதல் பதில் இதுதான்: கோலை எண்ணாதீர்கள், அவர் எங்கே போய் நிற்கிறார் என்று பாருங்கள். கோலுக்கு முன்னால் இருக்கும் பாக்ஸுக்குள் பந்து வரும்போது பக்கத்தில் இருக்கிறாரா? ஆட்டத்துக்கு இரண்டு மூன்று ஷாட்டாவது அடிக்கிறாரா? அடிப்பது உள்ளே இருந்தா, 25 மீட்டர் தூரத்தில் இருந்தா? வாய்ப்புக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருப்பவருக்குக் கோல் பெரும்பாலும் வந்துவிடும். வாய்ப்பே வராதவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இதைத்தான் எக்ஸ்ஜி, அதாவது 'எதிர்பார்க்கும் கோல்' என்று எண்ணாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும், அந்த இடத்திலிருந்து அது கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு மதிப்பு. பெனால்ட்டிக்கு முக்காலுக்குச் சற்று மேல், தூரத்து ஷாட்டுக்கு ஒன்றுமே இல்லாத அளவு. உங்கள் ஆளுக்கு ஆறு ஆட்டத்தில் எக்ஸ்ஜி மூன்று நான்கு என்று இருந்து கோல் பூஜ்யம் என்றால் பொறுக்கலாம். அதுவே அரை என்று இருந்தால், அவருக்குப் பந்து போகவில்லை, அல்லது அவர் போகவில்லை. ஆனால் ஆறு ஆட்டத்து எண்ணை வைத்து ஜாதகம் எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், பலரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. அவரை எந்த வேலைக்கு வாங்கினார்கள்? ஹாவெர்ட்ஸ் செல்சியில் கடைசியாக ஆடியது பெரும்பாலும் முன்வரிசையில். ஆர்சனலில் அவருக்குக் கிடைத்தது, ஜெர்மனியின் லெவர்குசன் கிளப்புக்குப் போய்விட்ட ஷாக்காவின் இடம், இடப்பக்க மிட்ஃபீல்ட். ஓட்டம் வேறு, பந்து வாங்கும் கோணம் வேறு. பக்கத்து வீரர் எப்போது பாஸ் கொடுப்பார் என்பது உடம்பில் ஊற வேண்டும். செப்டம்பர் 30 அன்று போர்ன்மவுத்தில் முதல் பெனால்ட்டியை ஆர்சனல் கேப்டன் ஓடேகார்ட் அடித்தார். இரண்டாவது கிடைத்ததும் பந்தை ஹாவெர்ட்ஸ் கையில் கொடுத்தார்கள். அடித்தார், மொத்த அணியும் வந்து கட்டிக்கொண்டது. சக வீரர்கள் ஒருவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதை நான் எப்போதும் கவனிப்பேன், தினமும் பயிற்சியில் பார்ப்பவர்கள் அவர்கள்தானே. பிறகு அவரை ஸ்ட்ரைக்கராக நகர்த்தினார்கள், சீசன் முடிவில் லீக்கில் 13 கோல், 7 அசிஸ்ட், அதாவது மற்றவர் கோலுக்குக் கொடுத்த பாஸ். '60 மில்லியன் வீண்' என்ற கேலியை ரசிகர்களே பாட்டாக்கிப் பாடினார்கள்.

இது புதிதும் அல்ல. 1999 ஆகஸ்டில் யுவென்டஸிலிருந்து தியரி ஆன்ரி ஆர்சனலுக்கு வந்தார். இத்தாலியில் அவரை ஓரத்தில் ஓடவிட்டிருந்தார்கள். ஆர்சனல் மேலாளர் வெங்கர் அவரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். முதல் கோல் வந்தது செப்டம்பர் 18, சவுதாம்ப்டனில், பதிலாளாக இறங்கி அடித்தது. அதுவரை 'கோல் எங்கே இருக்கிறது என்று தெரியுமா இவருக்கு' என்ற பேச்சுதான். அந்த சீசனை 26 கோலோடு முடித்தார். ஆர்சனலுக்கு மொத்தம் 228. சரி, எல்லோரும் ஆன்ரி ஆகிவிட மாட்டார்கள், அந்தக் கனவோடு யாரும் உட்கார வேண்டாம்.

டிஃபென்டர் விஷயம் இன்னும் கொடுமை. அவர்களின் தப்பு மட்டும்தான் கண்ணில் படும். 2006 ஜனவரியில் பத்ரிஸ் எவ்ரா யுனைடெட்டுக்கு ஆடிய முதல் ஆட்டமே மான்செஸ்டர் டெர்பி, அதே ஊர் சிட்டி அணியோடு மோதல். இடைவேளையிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள், அணி 3-1 என்று தோற்றது. அதே எவ்ரா அங்கே ஐந்து முறை லீக் பட்டம் வென்றார்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். தொடக்கம் மோசமென்றால் பயப்படுகிறோம், அமர்க்களமென்றால் கண்ணை மூடி நம்பிவிடுகிறோம். 2012 ஜனவரியில் பாபிஸ் சிஸ்ஸே நியூகாஸிலுக்கு வந்தார். 14 லீக் ஆட்டத்தில் 13 கோல். செல்சிக்கு எதிராக ஓரத்திலிருந்து வளைத்து அடித்த அந்தக் கோலைப் பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள். அடுத்த முழு சீசனில் லீக்கில் 8 கோல்தான். கேட்டவரின் ஆள் ஆறு ஆட்டத்தில் ஆறு கோல் அடித்திருந்தாலும் நான் 'பொறுங்கள்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

எத்தனை ஆட்டம் என்று கேட்டீர்கள். என் கணக்கு ஆட்டமில்லை, நிமிடம். 900 நிமிடமாவது களத்தில் இருக்கட்டும், அதாவது பத்து முழு ஆட்டம். பெஞ்சிலிருந்து 15 நிமிடத்துக்கு இறங்குவதை ஒரு ஆட்டமாக எண்ணாதீர்கள். ஜனவரியில் வாங்கியவர் என்றால் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம், கோடைக்காலப் பயிற்சி அவருக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் பொறுமைக்கும் ஒரு கண் வேண்டும். ஃபெர்னாண்டோ டோரஸ் 2011 ஜனவரி கடைசி நாளில் 50 மில்லியன் பவுண்டுக்கு லிவர்பூலிலிருந்து செல்சிக்குப் போனார். முதல் கோல் வந்தது ஏப்ரல் 23. அந்த சீசனில் அங்கே அவர் அடித்தது அந்த ஒன்றுதான். அவர் பழைய வேகத்துக்கு முழுதாகத் திரும்பவே இல்லை. ஆனால் 2010-இல் முழங்கால் அறுவை சிகிச்சைகள் நடந்தன, லிவர்பூலில் கடைசி மாதங்களிலேயே பழைய பாய்ச்சல் குறைந்துவிட்டிருந்தது. புது ஜெர்சி மேல் பழியைப் போட்டுவிட்டோம். அதனால் உங்கள் ஆளின் முந்தைய இரண்டு சீசனைத் தோண்டிப் பாருங்கள்: எத்தனை நிமிடம் ஆடினார், என்ன காயம், அடித்த கோலில் பெனால்ட்டி எத்தனை.

கடைசியாக அந்த ஃபேன்டசி விஷயம், நிஜ வீரர்களை வைத்து நாமே அணி அமைத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு. அதற்கு இதெல்லாம் பொருந்தாது, வாராவாரம் புள்ளி வேண்டும், இன்றைக்கே அணியிலிருந்து தூக்கிவிடுங்கள். நானே ஹாவெர்ட்ஸை அந்த செப்டம்பரில் தூக்கினேன். பிப்ரவரியில் வெட்கப்பட்டுக்கொண்டே திரும்ப எடுத்தேன். அடுத்த கேள்விக்குப் போகலாம்.