ஜான் போகிள்: கைக்கு வராமலே கொடுத்த பணம்

(காட்சி: கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி, சீசன் நேரத்துக் காலை. மூட்டைகளும் கூடைகளும் இறங்குகின்றன.)

பெங்களூரா மாங்காயை வண்டியில் ஏற்றி இந்த மண்டிக்குக் கொண்டுவரும் விவசாயிக்கு, விலை விழுந்த வருடத்திலும் கமிஷன் பிடித்தம் போகத்தான் பணம் கைக்கு வருகிறது. வெயிலும் மழையும் பூச்சியும் அவர் பொறுப்பு; கமிஷனுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகளிலும் நடப்பது இதுவே என்பதை அந்தத் துறைக்குள் இருந்துகொண்டே வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தவர், அமெரிக்காவின் வான்கார்ட் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் போகிள்.

அவர் பிறந்தது 1929 மே மாதம், நியூ ஜெர்சியில். அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. தொடர்ந்து வந்த பெருமந்தத்தில் குடும்பத்தின் சொத்து கரைந்தது. பிளேர் அகாடமி என்ற உறைவிடப் பள்ளியில் உதவித்தொகை பெற்றும், உணவுக்கூடத்தில் பரிமாறியும் படித்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் உதவித்தொகையும் வேலையும்தான் துணை. அங்கே 1951இல் அவர் எழுதிய பட்ட ஆய்வேடு மியூச்சுவல் ஃபண்டுகளைப் பற்றியது. அதைப் படித்த வால்டர் மார்கன் வெலிங்டன் என்ற தமது ஃபண்டு நிறுவனத்தில் அவருக்கு வேலை கொடுத்தார்.

1960களில், வேகமாக லாபம் காட்டிக்கொண்டிருந்த ஒரு பாஸ்டன் நிறுவனத்துடன் வெலிங்டனை இணைத்தார் போகிள். அது தமது பெரும் பிழை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். சந்தை சரிந்ததும் புதிய கூட்டாளிகள் 1974 ஜனவரியில் அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள்.

(காட்சி: தர்மபுரி மாவட்டக் கிராமம் ஒன்று. மகளிர் குழுக் கூட்டம்; பாயில் கணக்குப் புத்தகங்கள்.)

அதன் பிறகு அவர் செய்ததைப் புரிந்துகொள்ள, நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவே நல்ல உதாரணம். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியுடன் முதலில் தொடங்கப்பட்டது, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். குழுவில் சேமிப்பவர்களே குழுவுக்கு உரிமையாளர்கள். உள்கடனுக்கு வரும் வட்டி குழுவின் நிதியிலேயே சேர்கிறது. அதில் லாபம் எடுக்க வெளியே ஒரு முதலாளி இல்லை.

வெலிங்டன் நடத்திவந்த ஃபண்டுகளுக்காக 1974 செப்டம்பரில் போகிள் உருவாக்கிய வான்கார்டும் இப்படிப்பட்டதுதான். நிர்வாக நிறுவனத்துக்கு உரிமை ஃபண்டுகளிடம். ஃபண்டுகளுக்கு உரிமை அவற்றில் பணம் போட்டவர்களிடம். நிர்வாகம் அடக்கவிலையில் நடக்கும். மிச்சமாவது கட்டணக் குறைப்பாக முதலீட்டாளர்களுக்கே திரும்பும். தொடங்கியவருக்கென்று தனியே பங்கு வைத்துக்கொள்ளும் வழக்கமான அமைப்பை அவர் தேர்ந்தெடுத்திருந்தால், உலகின் பெரும் செல்வந்தர் பட்டியலில் அவர் பெயரும் நிச்சயம் இருந்திருக்கும்.

புதிய நிறுவனத்துக்குக் கணக்கு, நிர்வாக வேலைகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. எந்தப் பங்கை வாங்குவது, விற்பது என்று முடிவு செய்யும் வேலை வெலிங்டனிடமே இருந்தது. இந்தத் தடைக்குள்ளேயே அவர் வழி கண்டார். சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டுக்குப் பங்கு தேர்ந்தெடுக்கும் மேலாளரே தேவையில்லை அல்லவா? 1976 ஆகஸ்டில், அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்தொடரும் ஃபண்டை, சாதாரண முதலீட்டாளர்கள் சேரக்கூடிய வகையில் அவர் வெளியிட்டார். எதிர்பார்த்தது 15 கோடி டாலர். வந்தது சுமார் 1 கோடியே 13 லட்சம். துறையினர் அதைப் ‘போகிளின் மடமை’ என்று கேலி செய்தார்கள். விற்பனை செய்த தரகு நிறுவனங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றபோது அவர் மறுத்துவிட்டார். 1977இல் விற்பனைக் கமிஷனையும் அடியோடு நீக்கினார்.

(திரையில் கணக்கு வரி வரியாகத் தோன்றுகிறது.)

இந்தக் கட்டணத்தின் எடை எவ்வளவு என்று ஒரு கணக்கைப் பாருங்கள். 1 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொண்டால், 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 17 லட்சத்து 45 ஆயிரம் ஆகும். கட்டணமாக ஆண்டுக்கு 2 சதவீதம் போய், வளர்ச்சி 8 சதவீதமாக நின்றால், அதே பணம் 10 லட்சத்து 6 ஆயிரம்தான் ஆகும். ஓசூரில் மாதச் சம்பளத்திலிருந்து எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் தவணை) கட்டிவரும் ஒருவர், 2013 ஜனவரி முதல் இந்தியாவில் கிடைக்கும், விநியோகஸ்தர் கமிஷன் சேராத டைரக்ட் திட்டத்துக்கும் வழக்கமான திட்டத்துக்கும் உள்ள கட்டண வித்தியாசத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

31 வயதிலேயே முதல் மாரடைப்பைச் சந்தித்த போகிள், 1996 பிப்ரவரியில், மருத்துவமனையிலேயே 128 நாட்கள் காத்திருந்த பிறகு, இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன் பின் வாழ்ந்த ஏறத்தாழ 23 ஆண்டுகளும் முதலீட்டாளர்களுக்காக எழுதினார், பேசினார், வாதாடினார்.

அவருடைய கொடையைப் பற்றிப் பேசும்போது, தமது கைக்கு வராமலே அவர் விட்டுவிட்ட அந்தப் பணத்தைத்தான் முதலில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. 2019 ஜனவரி 16 அன்று தமது 89ஆம் வயதில் அவர் காலமானபோது, வான்கார்ட் நிர்வகித்தது சுமார் 5 லட்சம் கோடி டாலர். அவருடைய சொத்தோ 8 கோடி டாலர் அளவில்தான் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. கைக்கு வந்த வருமானத்திலும் சுமார் பாதியைப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்தார். ஃபிலடெல்ஃபியாவில் உள்ள தேசிய அரசியலமைப்பு மையத்துக்குத் தலைவராக இருந்து நேரத்தையும் உழைப்பையும் தந்தார். பணத்தைப் பற்றித் தமக்கு உள்ள ஒரே வருத்தம், கொடுப்பதற்கு இன்னும் அதிகம் இல்லையே என்பதுதான் என்று ஒரு நேர்காணலில் கூறினார்.

(காட்சி: உறைவிடப் பள்ளியின் உணவுக்கூடம், மாணவர்கள் தட்டுகளுடன் நடக்கிறார்கள்.)

உணவு பரிமாறிப் படித்த அதே பிளேர் பள்ளியின் அறங்காவலர் குழுவுக்குப் பின்னாளில் அவர் தலைமை வகித்தார். அங்கே வசதியில்லாத மாணவர்களுக்காக அவர் ஏற்படுத்திய உதவித்தொகை ‘போகிள் சகோதரர்கள்’ என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. வீட்டில் இருந்த வசதிக்கு மூன்று பிள்ளைகளில் ஒருவரைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடிந்தது. ஜான் பிரின்ஸ்டனுக்குப் போனபோது மற்ற இருவரும் வேலைக்குப் போனார்கள்.