கடுக்காய்க் கறுப்பில் ஒரு காட்டெருமை

[காட்சி: ஏற்காடு. காபித் தோட்டம், மேலே சில்வர் ஓக் மரங்கள்]

ஏற்காட்டைத் துணியில் வரையச் சொன்னால் பலரும் காபிக் கொத்தையும் சில்வர் ஓக் இலையையும்தான் வரைகிறார்கள். இரண்டும் அழகுதான். ஆனால் காபி, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வளர்த்தது. சில்வர் ஓக்கின் தாய்நாடு ஆஸ்திரேலியா. சேர்வராயன் மலையின் சொந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு முழம் துணி வேண்டாமா? இன்று காட்டெருமையை வரையப்போகிறோம். சாயம் தரப்போவது இந்த மலைச்சரிவுகளில் வளரும் கடுக்காய் மரம்.

[காட்சி: உரலில் கடுக்காய்]

கடுக்காய்க்கு அகணி, அதாவது உள்ளிருக்கும் கொட்டை, நஞ்சு என்பார்கள். நமக்கும் கொட்டை வேண்டாம். துவர்ப்பெல்லாம் மேல்சதையில்தான் இருக்கிறது. அதைப் பொடித்துத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, காய்ச்சாத எருமைப்பால் சேருங்கள். கஞ்சி போக அலசிய கைத்தறிப் பருத்தித் துணியை இதில் நனைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துங்கள். பாலின் கொழுப்பு இருப்பதால், பிறகு வரையும் கோடு பரவாது. காய்ந்த துணியில் இளமஞ்சள் ஏறியிருக்கும். அந்த மஞ்சளை மறந்துவிடாதீர்கள்.

மை தனியாகத் தயாராக வேண்டும். துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டு வடித்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: துணியின் மேல் தூரிகை, மிக அருகில்]

இந்த இடத்தை நிதானமாகப் பாருங்கள். தூரிகை பட்டதும் வெளிறிய சாம்பல் கோடுதான் தெரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கறுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் இழைக்குள் கலந்து கறுப்பாகின்றன. எத்தனை முறை செய்தாலும் எனக்கு இந்த நொடி அலுப்பதில்லை.

முதலில் முதுகுக்கோடு. காட்டெருமைக்குத் தோளிலிருந்து நடுமுதுகு வரை மேடு ஓடி, அங்கே சட்டென்று இறங்கும். இதைத் தவறவிட்டால் வீட்டு எருமை ஆகிவிடும். கிழட்டுக் காளைக்குக் கறுப்பைக் கெட்டியாகவே பூசலாம். பசுவுக்கு மையில் தண்ணீர் கலந்து இளக்குங்கள்.

முழங்காலுக்குக் கீழே வந்ததும் தூரிகையை எடுத்துவிடுங்கள். காட்டெருமையின் கால்கள் காலுறை போட்டதுபோல் வெளுத்திருக்கும். தூய வெள்ளையல்ல, மஞ்சள் கலந்த வெள்ளை. துணியில் ஏற்கெனவே ஏறிய கடுக்காய் மஞ்சளே அதற்குப் போதும்.

[காட்சி: கடுக்காய்க் கிளை, இலைக்காம்பு]

கரைக்குக் கடுக்காய்க் கிளையையே நூலால் தைக்கலாம். இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் கடுகு போல் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கும். அவற்றுக்கு இரண்டு முடிச்சுத் தையல். உலர்ந்த காய்க்கு ஐந்து வரிகள்.

தைப்பதற்கு முன் துணியை ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். மிச்ச இரும்பு தங்கினால் கறுத்த இடம் சில ஆண்டுகளில் இற்றுக் கிழியும். அலசியதும் நிழலில் விரித்துவிடுங்கள்.