ரோஜர் ஷெர்மன்: பெருமை பிலடெல்பியாவிலா, நியூ ஹேவனிலா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான ரோஜர் ஷெர்மனின் பெருமைக்குக் காரணம் பிலடெல்பியாவில் கூடி அமெரிக்க நாட்டுக்கு அவர் செய்த பணியா, வாழ்ந்த ஊரான நியூ ஹேவனுக்கும் தன் மாநிலமான கனெக்டிகட்டுக்கும் செய்த பணியா என்பதுதான் தலைப்பு. ஊரும் மாநிலமும்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நான்கு கையெழுத்துகளைக் காட்டினார். பிரிட்டனுக்கு எதிரான 1774 வணிகப் புறக்கணிப்பு ஒப்பந்தம், 1776 விடுதலைப் பிரகடனம், மாநிலங்களை முதலில் ஒன்றாக இணைத்த கூட்டமைப்பு விதிகள், 1787 அரசமைப்புச் சட்டம். நான்கிலும் கையெழுத்திட்டவர் இவர் ஒருவர்தான். மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவரை அனுப்பி வைத்தது யார்? கல்லூரிப் பக்கமே போகாத செருப்புத் தொழிலாளி அவர். கனெக்டிகட்டின் நியூ மில்ஃபோர்டில் நிலம் அளந்தார், தானாகவே சட்டம் படித்து 1754இல் வழக்கறிஞர் ஆனார். அடுத்த ஆண்டே அந்த ஊர்க்காரர்கள் அவரைக் கனெக்டிகட் சட்டசபைக்கு அனுப்பினார்கள். அப்புறம் மேலவையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள்.

1784இல் நியூ ஹேவன் நகரமானது. சில ஆயிரம் பேர் வாழ்ந்த அந்த ஊருக்கு ஷெர்மன்தான் முதல் மேயர். 1793இல் இறக்கும் வரை அவரே மேயர். பதவிக்குக் கால வரம்பு இல்லாததால்தானே என்று எதிரணி கேட்கலாம். சரி, 1789இல் காங்கிரசுக்குப் போனபோது, தான் வகித்த மாநில நீதிபதி பதவியைத் துறந்தாரே, மேயர் பதவியை ஏன் துறக்கவில்லை? செனட்டரான பிறகும் அதை விடவில்லையே!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1783இல் மாநிலச் சட்டங்களைத் திருத்தித் தொகுக்கும் வேலையை ஷெர்மனிடமும் ரிச்சர்ட் லாவிடமும் சட்டசபை ஒப்படைத்தது. அந்தத் தொகுப்பு வழியாகத்தான் 1784 மார்ச் 1க்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கு 25 வயதில் விடுதலை என்பது சட்டமானது. அது போதாது, நானே சொல்கிறேன். ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. பிள்ளைகளும் இளமையைப் பறிகொடுத்தார்கள். முழு ஒழிப்புக்கு 1848 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் கனெக்டிகட்டில் அடிமை முறையின் முடிவு அங்கேதான் தொடங்கியது.

மூன்று ஆண்டு கழித்து, 1787இல், அரசமைப்பை எழுதக் கூடிய பிலடெல்பியா மாநாட்டில் என்ன நடந்தது? அடிமை வணிகம் பிடிக்கவில்லை என்று சொன்ன அதே ஷெர்மன், தென் மாநிலங்கள் விலகிவிடக் கூடாது என்று விட்டுக்கொடுத்தார். 1808 வரை காங்கிரஸ் அதைத் தடை செய்ய முடியாது என்று அரசமைப்பிலேயே எழுதினார்கள். எதிரணி கொண்டாடும் நான்காவது கையெழுத்து அதன் கீழும்தான் இருக்கிறது.

ஒரு சபையில் மக்கள்தொகைப்படி இடம், மறு சபையில் எல்லா மாநிலத்துக்கும் சம வாக்கு என்று அதே மாநாட்டில் ஜூன் 11 அன்று அவர் முன்வைத்த யோசனையையும் எதிரணி சொந்தம் கொண்டாடும். பெரிய மாநிலங்கள் விழுங்கிவிடுமோ என்று பயந்த ஒரு சிறு மாநிலத்தின் பிரதிநிதிக்குத்தான் அந்த யோசனை வரும். கனெக்டிகட்காரராகத்தான் அங்கேயும் பேசினார்.

எதிரணியில் அடுத்து வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: ஓர் அடிமைத் தாயின் பிள்ளைக்கு விடுதலை தந்த வரி, அந்த நான்கு ஆவணங்களில் எதில் இருக்கிறது?