போட் கட்டி வித்து பொழப்பு ஓடுமா? ஊத்தான் மெலிந்தாங்ல இருந்து என் கணக்கு

வணக்கம் மக்களே, எல்லாரும் பசியாறிட்டீங்களா. நான் இன்னிக்கி காலைல ஏழு மணிக்கே எபோக்சி, அதான் ரெண்டு திரவத்தக் கலந்து பூசற பிசின், பூசி முடிச்சிட்டேன், இனிமே அது காயிற வரைக்கும் போட்டத் தொடக்கூடாது, தொட்டா விரல் பதிஞ்சிடும், அப்பறம் அதத் தேய்க்க ஒரு மணி நேரம், அதனால ஒரு நாலு மணி நேரம் இந்த ஜிங்க் கொட்டாய்ல சும்மாதான் உக்காந்திருக்கணும், சரி உங்ககிட்டயாச்சும் பேசலாம்னு கேமராவ பெயின்ட் டின் மேல வச்சிட்டேன். பின்னாடி காத்தாடி சத்தம் வரும், அத நிறுத்த முடியாது, மன்னிச்சிக்கோங்க.

ஊர்ல என்னப் பாக்கறவங்க எல்லாம் கேக்கறது ஒன்னேதான். டேய், இந்த சின்ன பாய்மரப் போட்ட கட்டி வித்து நீ எப்படிடா சாப்பிடற? கோயில்ல கேக்கறாங்க, மாமா வீட்டு கல்யாணத்துல கேக்கறாங்க, தே தாரிக் குடிக்கப் போனா கடைக்கார அண்ணன் கேக்கறாரு. இன்னிக்கி நோட்டு புக்க எடுத்து வச்சிருக்கேன், உள்ளத உள்ளபடி சொல்லிடறேன்.

புதுசா பாக்கறவங்களுக்கு ஊரப் பத்தி சுருக்கமா. ஊத்தான் மெலிந்தாங், மலேசியாவுல பேராக் மாநிலம், பாகான் டத்தோ மாவட்டம். சுங்கை பெர்ணம் ஓரம், ஆத்துக்கு அந்தப் பக்கம் சிலாங்கூர். சுத்தி எங்க பாத்தாலும் செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை, கடல் பக்கம் போனா தென்னை, ஆத்தோரம் போனா மீன் பிடிக்கற போட். எங்க தாத்தா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி வந்தவரு, அது 1926ல கட்டின கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் பக்கம் சுவெட்டன்ஹம் துறைமுகம், சிங்கப்பூர்னு ஓடினது, நம்மள்ல பாதி பேரு குடும்பம் அதோட மேல்தட்டுல படுத்து வாந்தி எடுத்துக்கிட்டு வந்த குடும்பந்தான். தாத்தா பால்மரம் வெட்டினாரு, அப்பா செம்பனைத் தோட்டத்துல டிராக்டர் ஓட்டினாரு, நான் எண்ணெய் மில்லு ஒர்க்‌ஷாப்ல பிட்டரா ஆறு வருசம், அப்பறம் லுமுட் பக்கம் ஒரு போட் ரிப்பேர் பட்டறையில மூனு வருசம் பைபர் வேலை. அங்கதான் பைத்தியம் புடிச்சது. அப்பா இன்னிக்கும் சொல்லுவாரு, கப்பல்ல வந்து எறங்கினதே போதும், நீ எதுக்குடா மறுபடியும் தண்ணிக்குப் போறனு.

சரி கணக்கு. நான் கட்டறது எட்டடி போட். ஏன் எட்டடி? ரெண்டு காரணம். பிளைவுட் சீட்டு வரதே நாலடிக்கு எட்டடி, ஒட்டு போடாம அப்படியே வெட்டிக்கலாம். இது என் புத்தி இல்ல, 1947ல அமெரிக்காவுல புளோரிடா மாநிலத்துல கிளார்க் மில்ஸ்னு ஒருத்தரு சின்னப் பசங்களுக்காக ஆப்டிமிஸ்ட்னு ஒரு போட் வரைஞ்சாரு, ரெண்டு சீட்டு பிளைவுட்ல முடியற மாதிரி, இன்னிக்கி உலகம் பூரா பசங்க பாய் கத்துக்கறது அதுலதான். ரெண்டாவது காரணம் மைவி. சிரிக்காதீங்க, நெசமாத்தான். நம்ம நாட்டுல வார கடைசில கடலுக்குப் போலாம்னு நெனைக்கிற குடும்பம் என்ன கார் வச்சிருக்கும்? மைவி கூரை மேல நுரை மெத்தை போட்டு கட்டினா எட்டடி போட் சொகமா உக்காரும், பத்தடி கட்டினா டிரைலர் வேணும், டிரைலர் வேணும்னா அத நிறுத்த எடம் வேணும், தாமான் குடியிருப்பு வீட்டுல எடம் எங்க இருக்கு. அதனால என் போட் எடை முப்பத்தெட்டு கிலோ, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தூக்கிடலாம், பாய் கட்டற கம்பம், மாஸ்ட், ரெண்டு துண்டு அலுமினியம் குழாய், ஒன்னுக்குள்ள ஒன்னு சொருகிக்கறது.

மொத போட்டுக்கு நோட்டுல என்ன எழுதிருக்கேன்னு படிக்கிறேன். பிளைவுட் நாலு சீட்டு 500 வெள்ளி, அதாவது ரிங்கிட், எபோக்சி 300, பைபர் துணி 150, மெராந்தி கட்டை 150, பாய்த் துணி 350, கயிறு, கப்பி, ஸ்டெயின்லெஸ் சாமான் 250, பெயின்ட் 300, அப்பறம் கையுறை, ரோலர், பிரஷ், சேண்ட் பேப்பர், இதெல்லாம் சில்லறைனு நெனைச்சேன், கூட்டிப் பாத்தா 150. மொத்தம் 2,150. வித்தது 2,800. கைல நின்னது 650. வேலை செஞ்ச நேரம் நூத்தி அறுவது மணி. 650ஐ 160ஆல வகுங்க, மணிக்கு நாலு வெள்ளி சொச்சம். நம்ம நாட்டு குறைந்தபட்ச சம்பளம் 2025ல இருந்து 1,700 வெள்ளி, இருபத்தாறு நாள், எட்டு மணி நேரம்னு வகுத்தா மணிக்கு எட்டு வெள்ளிக்கு மேல வருது. அதுல பாதி. நான் முதலாளி வேற!

அந்த நூத்தி அறுவது மணி எங்க போச்சுங்கறதுதான் விசயம். பலகை வெட்டி, ஓரத்துல ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால தைச்சு, உள்பக்கம் பசை வச்சு நிக்க வைக்கறதுக்கு இருபத்தஞ்சு மணி நேரம் கூட ஆகல. தைச்சு ஒட்டறதுனு சொல்லுவோம், 1962ல இங்கிலாந்துல ஜேக் ஹோல்ட், பேரி பக்னெல் ரெண்டு பேரும் மிரர்னு ஒரு போட்ட இந்த முறையில போட்டாங்க, தச்சு வேலை தெரியாத ஜனங்களே வீட்டுல கட்டற மாதிரி, எழுபதாயிரத்துக்கு மேல கட்டியாச்சு. ரெண்டாவது வாரக் கடைசியே போட் மாதிரி நின்னுடும், பக்கத்து வீட்டு அத்தை வந்து பாத்துட்டு, ஐயா முடிஞ்சிருச்சானு கேட்டாங்க, நானும் ஆமா அத்தைனு சொல்லிட்டேன். முட்டாள். அப்பறம் வந்ததுதான் நூத்தி முப்பத்தஞ்சு மணி நேரம். பூசறது, தேய்க்கறது, பள்ளம் பாக்கறது, புட்டி வைக்கறது, தேய்க்கறது, மறுபடி பூசறது, மறுபடி தேய்க்கறது. வாங்க வரவரு கையால ஒரு தடவு தடவுவாரு, வழவழனு இருக்கேனு சொல்லுவாரு, அந்த வழவழக்கு அவரு காசு குடுக்கறாரானா இல்ல. பலகைக்குக் குடுக்கறாரு, பாய்க்குக் குடுக்கறாரு.

இந்த எபோக்சி பத்தி நம்ம ஊரு வெயில்ல வேலை செய்யறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். வெளிநாட்டு வீடியோவ பாத்து அதே மாதிரி கலக்காதீங்க, அவங்க ஊரு இருபது டிகிரி, நம்ம கொட்டாய்ல மத்தியானம் முப்பத்தி நாலு. இது தானா சூடாகற சாமான், கூட கலக்கினா கூட சூடு, சூடு ஏற ஏற சீக்கிரம் இறுகும், இறுக இறுக இன்னும் சூடு. நான் மொத தடவ அரை கிலோவ ஒரே பிளாஸ்டிக் மக்குல கலக்கிட்டு போன் வந்துச்சுனு பேசிக்கிட்டு நின்னேன், திரும்பிப் பாத்தா மக்கு உருகி புகை வருது, தூக்கி வெளிய மண்ணுல வீசினேன், கல்லு மாதிரி ஆயிடுச்சு, முப்பது வெள்ளி போச்சு. இப்ப கொஞ்சமா கலக்கறது, கலக்கின ஒடனே தட்டையான ட்ரேல ஊத்தி பரப்பிடறது, மெதுவா இறுக வைக்கற ஸ்லோ ஹார்ட்னர் மட்டுந்தான். மழை வர மாதிரி ஈரக் காத்து இருந்தா காஞ்சதுக்கு அப்பறம் மேல மெழுகு மாதிரி ஒன்னு படியும், அதத் தண்ணி போட்டு நாரால தேய்ச்சு கழுவணும், கழுவாம தேய்ச்சா அந்த மெழுக உள்ளயே தேய்ச்சு விடற மாதிரி, பெயின்ட் உரிஞ்சு வரும். இங்க சாயங்காலம் எப்ப மழை கொட்டும்னு சொல்ல முடியாது, அதனாலதான் காலைல ஏழு மணி வேலை.

பிளைவுட்டும் அப்படித்தான். மொத வருசம் ஒரு கடைல மரைன் பிளை, தண்ணிக்குத் தாங்கற பிளைவுட்னு சொல்லி குடுத்தாங்க, நான் நம்பி வாங்கினேன், எட்டு மாசத்துல ஓரம் பூவா விரிஞ்சு போச்சு, வாங்கின மனுசன் போட்டோ அனுப்பினாரு, எனக்கு அன்னிக்கி சோறு எறங்கல. அந்தப் போட்ட என் செலவுல திரும்ப எடுத்து அடிப்பலகைய மாத்திக் குடுத்தேன். இப்ப எந்த சீட்டு வாங்கினாலும் மூலைல ஒரு துண்டு வெட்டி பானைல போட்டு நல்லா வேக வைக்கறது, காய வைக்கறது, மறுபடி வேக வைக்கறது, பிரிஞ்சா அந்த சீட்டு கோழிக் கூண்டுக்கு. அம்மா கேப்பாங்க, இன்னிக்கி என்னடா சமையல்னு.

அப்பறம் சோதனை ஓட்டம். இதச் சொன்னா மானம் போகும், பரவால்ல. மொத போட்ட சுங்கை பெர்ணம்ல எறக்கினேன். இங்க ஆறு அகலம், கடல் தண்ணி ஏறி எறங்கற ஆறு, வத்தம் புடிச்சா இழுக்கற இழுப்பு இருக்கே. நான் பாய ஏத்திட்டு ராஜா மாதிரி உக்காந்திருக்கேன், பாய் நல்லா உப்பி நிக்குது, தண்ணி முன்னாடி சலசலனு பிரியுது, கரையப் பாத்தா படகுத்துறை எனக்கு முன்னாடி போய்க்கிட்டு இருக்கு. புரியுதா? காத்து முன்னாடி தள்ளுது, ஆறு அதவிட வேகமா பின்னாடி இழுக்குது, போட்டப் பொறுத்தவரைக்கும் அது ஓடுது, ஊரப் பொறுத்தவரைக்கும் நான் கடலுக்குப் போயிக்கிட்டு இருக்கேன். ஒரு மீனவ அங்கிள் கயிறு போட்டு இழுத்துட்டு வந்தாரு, வழியெல்லாம் ஒன்னும் பேசல, எறக்கி விட்டுட்டு, நாளைக்கி துடுப்பு கொண்டு வானு மட்டும் சொன்னாரு. அன்னிலருந்து வாங்கறவங்களுக்கு துடுப்பு ஒரு ஜோடி நானே செஞ்சு சும்மா குடுத்துடறேன். பாயோட அளவையும் பெருசாக்கினேன், நம்ம மேற்குக் கரைல காத்து பாதி நாள் சோம்பேறிக் காத்துதான், ஆனா சுமத்ரானு ஒன்னு வரும், விடியக் காலைல சுமத்ரா பக்கத்துலருந்து கருப்பா கெளம்பி வர புயல் காத்து, மே மாசத்துக்கு அப்பறம் உசாரா இருக்கணும், அதுக்குப் பாய பாதியா மடிச்சுக் கட்டற வசதி கட்டாயம். முன்னாடி பின்னாடி காத்து அடைச்ச பொட்டி வச்சிருக்கேன், ஒரு லிட்டர் காத்து கிட்டத்தட்ட ஒரு கிலோவ தாங்கும், ரெண்டும் சேந்து இருநூறு லிட்டருக்கு மேல, தண்ணி ரொம்பினாலும் முழுகாது. ஒவ்வொரு போட்டையும் நானே கவுத்து, ரொப்பி, மேல ஏறி உக்காந்து பாத்துட்டுதான் குடுக்கறேன்.

கேலி பண்றவங்களும் இருக்காங்க. நம்ம ஆளுங்களுக்கு எதுக்குடா இதுனு. கேட்டரமரான்னு உலகமே சொல்லுதே அது நம்ம கட்டுமரம், கட்டையக் கட்டி ஓட்டினது, வெள்ளைக்காரன் பேர மட்டும் எடுத்துட்டுப் போயி ரெண்டு ஓடம் வச்ச வேற போட்டுக்கு வச்சுட்டான். திரங்கானுல பூலாவ் டுயோங் போயிருக்கேன், செங்கால் மரத்துல மலாய்க்கார ஆசாரிங்க வரைபடமே இல்லாம, மொதல்ல வெளிப்பலகைய அடுக்கிட்டு அப்பறமா உள்ள சட்டம் வைப்பாங்க, பலகைக்கு நடுவுல கெலாம் மரப்பட்டை, ஆணிக்கு பதிலா மர முளை. அங்க ஒரு பாக்ச்சிக், அதான் மலாய்க்காரப் பெரியவரு, என் போட் போட்டோவப் பாத்துட்டு, இது பெட்டி, ஆனா நல்ல பெட்டினு சொன்னாரு. நான் அத சர்டிபிகேட்டா வச்சிக்கிட்டேன்.

இப்ப நெலமை. போட் ஒன்னு 4,200க்கு விக்கறேன், சாமான் 2,100, வேலை தொண்ணூத்தஞ்சு மணி நேரத்துக்கு கொண்டு வந்துட்டேன், மணிக்கு இருபத்திரண்டு வெள்ளி. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா போன வருசம் எத்தன வித்தேன்? ஏழு. ஏழு ரெண்டாயிரத்து நூறு பதினாலாயிரத்து எழுநூறு, பன்னெண்டால வகுத்தா மாசம் 1,225. குறைந்தபட்ச சம்பளமே வரல. ரேஸ் போட் கட்டலாமேனு கேப்பீங்க, ஐஎல்சிஏ, அதான் பழைய லேசர், அத அனுமதி வாங்கின கம்பெனி மட்டுந்தான் கட்டலாம், நான் அதே அளவுல கட்டினாலும் போட்டில சேத்துக்க மாட்டாங்க. அதனால எனக்கு குடும்ப ஆளுங்க மட்டுந்தான், அவங்க வருசத்துக்கு ஏழு பேருதான் வராங்க.

பின்ன எப்படி சாப்பிடறேன்? மீனவங்க பைபர் போட் ரிப்பேர். ஓட்டை அடைக்கறது, பின்பலகை மாத்தறது, அது மாசம் ஆயிரத்து ஐநூறு கிட்ட வருது, அவங்க வழவழனு கேக்க மாட்டாங்க, தண்ணி வராம இருந்தா போதும். இன்னொன்னு போன வருசம் ஆரம்பிச்சது, கிட். பலகைய வெட்டி, ஓட்டை போட்டு, பசை அளந்து, தமிழ்லயும் மலாய்லயும் ஒரு பேப்பர் எழுதி, கட்டி லோரில அனுப்பிடறது, 1,500 வெள்ளி, சாமான் 900, எனக்கு பன்னெண்டு மணி நேர வேலை. மணிக்கு அம்பது! ஏன்னா தேய்க்கற வேலை வாங்கினவரு தலைல. போர்ட்டிக்சன்ல ஒருத்தரு பையனோட சேந்து நாலு மாசமா தேய்ச்சுக்கிட்டு இருக்காரு, வாரா வாரம் போட்டோ அனுப்பறாரு, சந்தோசமா இருக்காரு, நான் காசு வாங்காம செஞ்ச வேலைய அவரு காசு குடுத்து செய்யறாரு. இதக் கண்டுபுடிக்க எனக்கு அஞ்சு வருசம் ஆச்சு.

முன்பணம் விசயம் மறந்துட்டேன். பாதி காசு வராம பலகைல கத்தி வைக்காதீங்க. பெயின்ட்டுக்கு முன்னாடி முப்பது பர்சன்ட், எடுக்க வரப்ப மீதி. ஒருத்தரு முன்னூறு வெள்ளி குடுத்துட்டு காணாம போயிட்டாரு, அவரு கேட்ட ஊதா கலர்ல அந்தப் போட் ஒன்னரை வருசம் இங்கயே கெடந்துச்சு, பூனை குட்டி போட்டுச்சு அதுல. லைசென்ஸ் விசயம் நீங்க ஓட்டப் போற எடத்து ஜபாத்தான் லாவுட், அதான் கடல்துறை ஆபீஸ்ல நேரா கேட்டுக்கோங்க, என்னக் கேக்காதீங்க.

இருங்க, நகத்தால அழுத்திப் பாக்கறேன்... இன்னும் லேசா பதியுது. இந்த ஓரம் பதியல. கேமராவ கிட்ட கொண்டு வரேன், தெரியுதா, இங்க ஒரு சொட்டு வழிஞ்சு நிக்குது, காலைல கண்ணுலயே படல, இது மட்டும் அரை மணி நேரம் தேய்க்கணும். சரி, நான் மொதல்ல மாஸ்க்க தேடறேன்.