சுவர் உரியும்போது தெரியும் எழுத்துகள்

நண்பர்களே, வணக்கம்.

கும்பகோணத்தில் ஒரு சந்து. அங்கே ஒரு பழைய அரிசி மண்டியின் பக்கச் சுவர். நாலைந்து வருடமாக அந்த ஒரே சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் சுண்ணாம்பு கொஞ்சம் உரியும். உள்ளேயிருந்து ஏதாவது எட்டிப் பார்க்கும். முதல் வருடம் ஒரு 'லை' மட்டும் தெரிந்தது. அடுத்த வருடம் அதற்கு முன்னால் ஓர் 'இ'. அப்புறம் பக்கத்தில் கொஞ்சம் பச்சை. சரி, இரட்டை இலை!

திரையில் அந்த 'லை'யை நன்றாகப் பாருங்கள். ல-வின் தலைமேல் யானைத் துதிக்கை மாதிரி வளைந்து நிற்கிறது கொம்பு. நம் தாத்தா பாட்டி எழுதிய 'லை' அது. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதற்குப் பிறகுதான் இன்றைய 'லை' பாடப்புத்தகத்துக்கு வந்தது. அ.தி.மு.க. இரட்டை இலையில் முதன்முதலாக நின்றது 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில். ஆகவே இந்த எழுத்து 1973-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. 1978-க்குப் பிந்தியதாக இருக்கலாமா? இருக்கலாம். பெயிண்டரின் கைப்பழக்கம் அரசாணைக்கு உடனே கட்டுப்படுவதில்லை. இதற்கு நேர்மாறும் உண்டு: பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஆகையால் பழைய சுவரில் புது 'லை' இருந்தால், எழுதியவர் கருஞ்சட்டைக்காரரா என்றும் யோசிக்க வேண்டும். ஓர் எழுத்துக்குள் இவ்வளவு இருக்கிறது.

சின்னங்களும் அப்படித்தான் காலம் சொல்லும். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை என்றால் காங்கிரஸ் 1969-இல் உடைவதற்கு முந்திய தேர்தல். பசுவும் கன்றும் என்றால் 1971 அல்லது 1977. அதே மண்டிச் சுவரில் இலைக்கு அடியில் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் ஒரு மூலை தெரிகிறது. அதற்கும் அடியில் ஒரு பல்பொடி விளம்பரம். பெயர் போய்விட்டது, 'அணா' என்ற சொல் மட்டும் தங்கியிருக்கிறது. 1957 ஏப்ரலில் அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்தது. அப்படியானால் அந்த அணா எவ்வளவு வயதானது என்று பாருங்கள்.

எல்லா நிறமும் ஒன்றுபோல் மங்குவதில்லை. செங்காவி இரும்புத் துரு கலந்த மண். எத்தனை வெயிலுக்கும் தாங்கும். சாயப் பொடிகள் பல, வெயிலில் வெளுத்துவிடும். அதனால்தான் பல சுவர்களில் சிவப்பு எழுத்து மட்டும் மிஞ்சி, நடுவில் நிற்க வேண்டிய படம் காணாமல் போயிருக்கிறது.

இனி படம் எடுப்பது. நிறம் வேண்டுமென்றால் மேகமூட்டமான நாள். அடுக்குகளின் விளிம்பு தெரிய வேண்டுமென்றால் காலைச் சாய்வெயில்; சுவரை உரசிக்கொண்டு வரும் வெளிச்சத்தில் பெயிண்டின் கனம்கூட நிழலாக விழும். மழை விட்ட அரைமணி நேரம் பொன்னான நேரம். ஈரச் சுவரில் மங்கிய எழுத்து திடீரென்று கருத்து நிற்கும். அதற்காக நீங்கள் தண்ணீர் ஊற்றாதீர்கள்! சுரண்டவும் கூடாது. நகத்தால் பெயர்த்து அடியில் என்ன என்று பார்க்க எனக்கும் கை துறுதுறுக்கும். பெயர்த்தால் மேல் அடுக்கு போனது போனதுதான். பாறை ஓவியங்களுக்காக ஜான் ஹார்மன் செய்த 'டீஸ்ட்ரெட்ச்' மென்பொருளில் படத்தைப் போட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சிவப்பு மேலே வரும்.

கேமராவைச் சுவருக்கு நேராக, இணையாக வையுங்கள். முதலில் முழுச் சுவர், வாசலும் சாக்கடையும் சேர்த்து. பிறகு நெருக்கமாக. அழகான மூலையை மட்டும் வெட்டி எடுத்த படங்கள் என்னிடமே நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன; எந்தத் தெரு என்று தெரியாமல் அவை வீணாகிவிட்டன. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. தேதியும் தெருப்பெயரும் அன்றைக்கே எழுதுங்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் பேச்சு வரும். மண்டியின் பெரியவர்தான் சொன்னார், அந்த இலையை எழுதியவர் நூலில் நீலப்பொடி தடவிச் சுவரில் சுண்டிக் கோடு போடுவாராம். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கினேன். 'இ'க்குக் கீழே இருக்கிறது, தலைமுடி அளவு ஒரு நீலக் கோடு.

அந்தச் சுவரை இந்தப் பொங்கலுக்கு இடிக்கிறார்கள். ஞாயிறு காலை ஆறரைக்குப் போகிறேன். வருகிறவர்கள் கேமரா முக்காலியும் ஓர் அடிக்கோலும் கொண்டு வாருங்கள்.