வாராததோர் குற்றம்

பெரியோர்களே, தாய்மார்களே, கோயில் வேலை பார்க்கும் கொத்தனார் அண்ணாச்சிமாரே, வணக்கம்.

செங்கோட்டையிலிருந்து வந்தாலும் கடையநல்லூரிலிருந்து வந்தாலும், தென்காசி ஊர் தெரியுமுன் கோபுரம் தெரியும். ஒன்பது நிலை, ஏறத்தாழ 180 அடி. ‘பாண்டியன் கட்டினது’ என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அதில் பாதிதான் சரி. அடியில் இருக்கும் கருங்கல் கட்டு பாண்டியனுடையது. மேலே நிற்கும் நிலைகள் நம் காலத்தவை. அவற்றுக்குக் குடமுழுக்கு 1990-இல் நடந்தது. நடுவில் என்ன ஆயிற்று, இனி ஆகாமலிருக்க என்ன செய்யவேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

மதுரை கைவிட்டுப்போன பிறகு தெற்கே ஒதுங்கிய பாண்டியர்களில் ஒருவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். 1446-இல் சிற்றாற்றங்கரையில் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினான். 1457-இல் கோபுர வேலை ஆரம்பம். 1463-இல் மன்னன் மறைந்தான். மீதி வேலையை முடித்தவன் தம்பி குலசேகரன்.

கட்டியவனின் கல்வெட்டுப் பாட்டு ஒன்று கோயிலில் இருக்கிறது. ‘வாராததோர் குற்றம் வந்தால்’ என்று ஒரு சொற்றொடர் அதில் வரும். இந்த ஆலயத்துக்கு இதுவரை வராத பழுது ஏதும் வந்து, யாராக இருந்தாலும் அதைச் சரிசெய்து காப்பார்களானால், அவர்களை உலகறியப் பணிகிறேன் என்கிறான் ராஜா. கட்டும்போதே இது பழுதுபடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வேலை தெரிந்தவர்களோடு பழகிய ஆளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பழுது எங்கிருந்து வரும் என்று பார்க்கக் கோபுரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழே உபபீடம் என்ற அடிமேடை, அதன்மேல் அதிட்டானம் என்ற தாங்குதளம், சுவர், வெளியே வளைந்து நீளும் கூரை விளிம்பான கொடுங்கை வரைக்கும் கருங்கல். ஸ்தபதிகள் கல்காரம் என்பார்கள். கல்லின்மேல் கல் தன் பாரத்தாலேயே உட்கார்ந்திருக்கும். அதற்கு மேலே எல்லாம் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும், வெளியே சுதை, அதாவது சுண்ணாம்பில் செய்த உருவ வேலை. முழுக்கக் கல்லாக ஏற்றினால் அடித்தளம் தாங்காது. அதனால் நிலைக்கு நிலை சுருக்கி, உள்ளே கூடாக விட்டு ஏற்றுவார்கள். ஒவ்வொரு நிலைக்கும் நடுவில், முன்னும் பின்னும், ஒரு வாசல். பழைய கோபுரங்களில் அந்த வாசல்களின் தலையிலும் உள்தளங்களிலும் மர உத்திரங்கள் இருக்கும்.

ஒன்பது வாசலும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே நேர்க்கோட்டில் நிற்பதைக் கவனியுங்கள். அந்தக் கோட்டில் செங்கல் குறைவு. பலவீனம் அங்கேதான். மரத்தைக் கரையான் தின்றாலும் தீ தின்றாலும் மேலிருக்கும் செங்கல் தொங்கலில் நிற்கும். பிளந்தால் நடுவில்தான் பிளக்கும். தென்காசிக் கோபுரம் இடியில் சிதைந்தது என்பது ஊரில் வழிவழியாக வரும் பேச்சு. இரண்டாகப் பிளந்து மொட்டையாக நின்றது பல தலைமுறைகள் கண்ட காட்சி. தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியில்தான் பழைய கல்காரத்தின்மேல் மறுபடி ஒன்பது நிலை எழுந்தது.

இடி ஏன் சுவரைப் பிளக்கிறது? மின்னல் மண்ணுக்குப் போக வழி தேடும். நல்ல கம்பி இல்லாவிட்டால் ஈரச் சுவர் வழியே இறங்கும். அந்தச் சூட்டில் செங்கலுக்குள் இருக்கும் நீர் ஒரு நொடியில் ஆவியாகி, வெடிவைத்த மாதிரி சுவரைத் தள்ளும். கலசத்தில் இருக்கும் வரகு இடியை வாங்கிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மரபுக்காக வரகு போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தானியம் மின்சாரத்தைக் கடத்தாது. கலசத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் இடிதாங்கி, அதிலிருந்து மடக்கு வளைவில்லாமல் இறங்கும் செம்புப் பட்டை, அடியில் மின்னலை மண்ணுக்குள் விடும் எர்த் குழி, மூன்றும் சேர்ந்தால்தான் காப்பு. பெரும்பாலும் கெட்டுப்போவது கடைசிதான். குழி காய்ந்துவிடும், இணைப்பு துருப்பிடிக்கும். சில ஊர்களில் கைக்கெட்டும் உயரத்திலிருக்கும் பட்டையை அறுத்து விற்றுவிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மின்வேலை தெரிந்தவரை வைத்து எர்த் தடையை அளந்து பார்க்கவேண்டும்.

இடியைவிடச் சத்தமில்லாமல் அழிப்பது ஈரம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றோடு வரும் சாரல் கோபுரத்தின் மேற்கு முகத்தை நாள்கணக்கில் நனைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கிழக்கு முகத்துக்கு. மற்ற ஊர்க் கோபுரங்கள் ஒரு மழைக்கு நனைந்தால் இது இரண்டுக்கும் நனைகிறது. ஆகவே பூச்சு முக்கியம்.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, நீரில் மூழ்க வைத்து, குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஊறவிடவேண்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டி சுவருக்குள் போய் நீறிப் பூரிக்கும். பூச்சு கொப்புளம் போட்டு உதிரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு உப்பில்லாத ஆற்று மணல். இடித்த கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரை விட்டு அரைக்கவேண்டும். மெல்லிய கனத்தில் பூசி, ஈரச்சாக்கு கட்டிக் காக்கவேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக உறிஞ்சித்தான் சுண்ணாம்பு இறுகும். வெயிலில் வெடுக்கென்று காய்ந்தால் மாவாகிவிடும்.

சுண்ணாம்புக் கட்டின்மேல் சிமென்ட் ஒட்டுப் போடுவதை மட்டும் யாரும் சமாதானம் சொல்லி நியாயப்படுத்த வேண்டாம். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. ஒட்டு கெட்டியாக நிற்கும், அதன் பின்னால் செங்கல் உப்புப் பூத்துப் பொடியாகும். எனாமல் பெயின்டும் அதே கதைதான். திருப்பணி என்றால் வர்ணம் என்று நினைக்கிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. வசூலில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

செடி முளைப்பதைச் சொல்லவேண்டும். பறவை எச்சத்தில் வரும் ஆல், அரச விதைக்கு விரல் நுழையும் விரிசல் போதும். தண்டை வெட்டினால் வேர் இன்னும் தடிக்கும். பிடுங்கினால் செங்கலும் கூடவே வரும். இரண்டிலை விட்ட பருவத்திலேயே எடுத்துவிடவேண்டும். தடித்துவிட்டால் வெட்டுவாயில் மருந்து தடவி, வேர் முழுக்கக் காய்ந்தபின், அந்தப் பொந்தில் சுண்ணாம்புக் கரைசலை இறக்கி அடைக்கவேண்டும்.

குடமுழுக்குக்குப் பன்னிரண்டு வருஷம் கணக்கு. அதுவரை அரசங்கன்று காத்திருக்காது. சித்திரை, வைகாசியில், சாரல் இறங்குமுன் ஒருநாள், விளக்கும் சுத்தியலுமாக உள்படியேறி நிலை நிலையாகத் தட்டிப் பாருங்கள். பூச்சு டொக்கென்று ஒலிக்கும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டு, நாளும் நிலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் வட்டம் பெரிதாகியிருந்தால் ஸ்தபதியைக் கூப்பிடுங்கள்.